நைனா எழுதிய முகங்களும் நான் எழுதிய பொய்யும்

என் நைனாவுக்கு,

அம்மாவின் படம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படுவாய். ரயிலில் யாருடைய டிபன் கேரியரோ இடித்துக் கண்ணாடியின் ஒரு மூலையில் விரிசல் விழுந்துவிட்டது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. அம்மா அதைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

மற்ற பதினொரு படங்களும் இன்னும் பெங்களூரில்தான் இருக்கின்றன, ஒரு வெள்ளைச் சுவரில். அந்தச் சுவரின் தொடக்கத்தில், ஆள் உயரத்துக்கு, ஆங்கிலத்தில் உன்னைப் பற்றி எழுதி ஒட்டியிருக்கிறது. தர்மராஜ் என்ற ஓவியன் எப்படி உருவானான், யாரைப் பார்த்துக் கற்றான் என்று அழகாக எழுதியிருக்கிறது. அதில் முக்கால்வாசி பொய். அடியில் என் பெயர் இருக்கிறது. எழுதினது நான்தான் நைனா.

உனக்கு மட்டும் சொல்வதென்றால் உன் போட்டோ முன்னால் நின்று முணுமுணுத்திருப்பேன். எனக்கு அதுதான் சுலபம். ஆனால் ஊர் பார்க்க எழுதின பொய்யை ஊர் பார்க்கத்தான் அழிக்கணும் என்று சுரங்கத்தில் உன்னோடு வேலை செய்த சவரி மாமா சொல்லிவிட்டார். அதனால் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். படிக்கிறவர்களுக்கு என்மேல் அருவருப்பு வந்தால் வரட்டும். எனக்கு வந்து மூன்று வாரமாகிறது.

ரோஹன் சாரை உனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் கழித்து வந்தார். பெங்களூரில் ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவர். கோலார் தங்கவயலின் பழைய சுரங்க இடங்களைப் படம் பிடிக்க மாரிகுப்பம் பக்கம் வந்தவர், நம் ஸ்கெலட்டன் காலனியில் ஒரு தொழிலாளர் லைன் வீட்டுக்குள் நீ எழுதின படத்தைப் பார்த்திருக்கிறார். யார் வரைந்தது என்று விசாரித்து நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். உன் பெயிண்ட் பெட்டியைப் படம் எடுத்தார். கூரைத் தகரத்தைப் படம் எடுத்தார். உன் பழைய சுரங்க பூட்ஸில் அம்மா குடைகளைச் செருகி வைத்திருந்தாளே, அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரு இன்னாத்துக்குடி நம்ம கொடைய பாத்து அழுவறாரு?" என்று அம்மா அடுப்படியில் என் காதில் கேட்டாள்.

அப்புறம் ரோஹன் சார் தன் கைபேசியில் ஒரு பழைய ஐரோப்பியப் படத்தைக் காட்டினார். இருட்டான பின்னணி. கீழே எங்கோ இருக்கிற விளக்கின் வெளிச்சம் ஒரு முகத்தின் தாடையிலும் கன்னத்திலும் விழுந்து, கண்கள் மட்டும் பாதி இருட்டில் இருந்தன. "உங்கள் அப்பாவின் படங்களில் இருப்பதும் இதே வெளிச்சம்தானே? எங்கே பார்த்திருப்பார்? சுரங்க மேலாளர்களின் பங்களாக்களில் இப்படிப் படங்கள் இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

இருக்கலாம் சார் என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் அவர்கள் எதிர்பார்க்கிற பதிலைத் தேடிக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பது என் பழக்கம், உனக்குத் தெரியுமே. நம் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போன இடத்தில் மூன்று வருஷமும் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். "உங்கப்பா என்ன பண்றார்?" என்று ஒருத்தி கேட்டபோது பெயிண்டர் என்றேன். அவள் சுவருக்கு அடிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. செத்தவர்களின் படத்தை எழுதுகிறவர், அதற்கு மாலை போடுவார்கள், காரியத்தன்று அதன் முன்னால் சோறு வைப்பார்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது ஒருவர் வந்து, பட்டு மாதிரி ஆங்கிலத்தில், உன்னைக் கலைஞன் என்கிறார். எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. அதற்காக உன்னை விற்றேன்.

நீதான் எழுதித் தரணும், மகள் எழுதினால் உண்மையாக இருக்கும் என்றார். நானும் எழுதினேன். சின்ன வயதில் ஆங்கிலேய மேலாளரின் பங்களா ஜன்னல் வழியே நீ எண்ணெய் ஓவியங்களை எட்டிப் பார்த்தாய் என்று எழுதினேன். அந்த ஓவியங்களின் விளக்கு வெளிச்சம் உன் மனதில் தங்கி, பிற்காலத்தில் நம் ஆட்களின் முகத்தில் வந்து விழுந்தது என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் குமட்டுகிறது.

வீடு வீடாகப் போய்ப் படங்களை வாங்கித் தந்ததும் நான்தான். "படிச்ச பொண்ணு கேக்குது, குடுத்தா பத்திரமா வரும்" என்று கழற்றிக் கொடுத்தார்கள். சவரி மாமா தன் அண்ணன் அந்தோணியின் படத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாதான் தன் படத்தைத் தர மாட்டேன் என்றாள். நச்சரித்து வாங்கினேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் கெட்டித் தாளில் அச்சான சிறு புத்தகம் தபாலில் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வழக்கம்போல் சவரி மாமா டீ குடிக்க வந்திருந்தார். நீ இல்லாவிட்டாலும் உன் இடத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகிறார்.

"தர்மாவ பத்தி பொஸ்தகமா? படிச்சிக் காட்டு, இன்னா எழுதிக்கீற பாக்கலாம்."

"இங்கிலீஷ் மாமா."

"நீதான எழுதுன? தமிழ்ல சொல்லு."

நைனா, நான் எழுதியதை நம் தமிழில் சொல்ல வேண்டிவரும் என்று ஒரு நொடிகூட நினைத்துப் பார்த்ததில்லை. "சின்ன வயசுல நைனா வந்து, இங்கிலீஷ்கார மேனேஜரோட பங்களா ஜன்னல்ல எட்டிப் பாத்து..."

"யாரு?"

"நைனா."

"எந்த நைனா? உங்க நைனாவா?" டீ மூக்கில் ஏறுகிற வரை சிரித்தார். "யம்மா மலரு, இங்க வா! உன் வூட்டுக்காரன் பங்களால எட்டிப் பாத்தானாம்! வெள்ளக்காரன் மூட்ட கட்டிகினு போயி எத்தினியோ வருசம் கழிச்சிப் பொறந்தவன்டி அவன். அவன் எட்டிப் பாத்த ஒரே ஜன்னலு நம்ம கேன்டீன் ஜன்னலு. போண்டா கீதா தீந்துடுச்சான்னு பாப்பான்."

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

"சரி, அப்பால?"

"அங்க இருந்த படத்துல கீற வெளிச்சத்தப் பாத்து, அதே மாதிரி நம்ம ஆளுங்க மூஞ்சில போட்டாருன்னு..."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கண்ணன் மூஞ்சில கீற வெளிச்சம் எவன் வூட்டு வெளிச்சம்னு எழுதிக்கீற?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"உன் போன்ல லைட்டு கீது இல்ல? போடு. குடு இங்க." வாங்கி நேராக என் கண்ணில் அடித்தார். நான் முகத்தைச் சுருக்கி மூடிக்கொண்டேன். "எம்மூஞ்சி தெரியுதா?"

"இல்ல மாமா."

"எனக்கும் உன் மூஞ்சி தெரியல. கண்ண இறுக்கிகினு திருடி மாதிரி கீற. கீழ லெவல்ல எவனாவது புதுசா வந்தவன் இப்படி அடிச்சான்னு வெச்சிக்கோ, பளார்னு ஒண்ணு உடுவோம். கண்ணுல அடிக்காதடா, நெஞ்சுல அடிடான்னுவோம்." கையைத் தாழ்த்தி வெளிச்சத்தை என் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தார். "இப்ப பாரு."

பார்த்தேன். என் உடையில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பியிருக்க வேண்டும். மாமா என் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் எனக்குத் தெரிந்தது.

"தலையில லாம்பு. ரெண்டு பேரு எதுர்த்தாப்ல நின்னு பேசணும்னா தலைய கொஞ்சம் சாச்சி அவன் நெஞ்சப் பாத்து அடிக்கணும். அதான் கீழ மரியாதி. ஆழத்துல சூடு, மேல சட்ட கெடையாது. வேர்வையில நெஞ்சு கண்ணாடியாட்டம் மின்னும். அந்த வெளிச்சத்துலதாம்மா நாங்க ஒருத்தன ஒருத்தன் பாத்தோம். எங்கண்ணன் மூஞ்ச நான் வெயில்ல பாத்தத விட அப்படிப் பாத்தது ஜாஸ்தி. தர்மாவும் அப்படித்தான் பாத்தான். அப்படித்தான் எழுதுனான். இதுல வெள்ளக்காரன் எங்க வந்தான்?"

நம் வீட்டில் கரண்ட் போனால் நீ டார்ச்சை எங்கள் முகத்தில் அடித்ததே இல்லை. கழுத்துக்குக் கீழே அடித்துத்தான் "யசோ, சாப்டியா?" என்பாய். இருபது வருஷம் அதைப் பார்த்தவள் நான். உன் படங்களையும் பார்த்தவள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம், ஏன் நைனா தாடையில் மட்டும் வெளிச்சம் என்று. கேட்டேனா? எந்த வெள்ளைக்காரனின் படமாக இருக்கும் என்று யோசிக்கத் தெரிந்த எனக்கு, சுவரில் சாய்ந்து டீ குடிக்கிற சவரி மாமாவைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாமா நிறைய சொன்னார். சிலது எனக்குத் தெரிந்தது, பலது தெரியாதது. உன்னைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டிய பக்கம் அதுதான். தாமதமாக இங்கே எழுதுகிறேன், தப்பிருந்தால் மன்னித்துக்கொள்.

நீ கீழே மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தாய். அளவு குறிக்க உன் பையில் எப்போதும் சாக்கட்டி இருக்கும். பாறைச் சரிவைத் தாங்க நிறுத்தின மரங்களில் நீ ஆட்களின் முகங்களைக் கோடு போட்டாய். மேஸ்திரி திட்டுவார். அடுத்த ஷிஃப்டில் வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்களாம், சிலர் அதற்கு மீசையும் சேர்த்துவிட்டுப் போவார்களாம். "எம்மூஞ்சி மூணு மரத்துல கீது. இப்ப எல்லாம் தண்ணிக்குள்ள கீது" என்றார் மாமா. சுரங்கத்தை மூடினதும் நீர் ஏறிவிட்டதே. உன் முதல் படங்கள் எல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. ரோஹன் சாருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

முதல் பெயிண்ட் படம் அந்தோணி மாமாவுடையது. பாறை விழுந்து அவர் போனபோது வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. கம்பெனி பாஸில் ஒட்டின படம்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் கொண்டுவந்ததும் அவர் மனைவி திருப்பிப் போட்டுவிட்டாராம். ஃப்ளாஷ் கண்ணில் அடித்து, விழித்துக்கொண்டு, நம்பர் பலகையைப் பிடித்த முகம். "திருடன் மாதிரி கீறாரு. இதுக்கு நான் மால போட மாட்டேன்" என்றாராம். நீ போர்டு எழுதுகிறவரிடம் மிச்சமான எனாமல் பெயிண்ட் வாங்கி, ஒரு பலகையில், உனக்குத் தெரிந்த வெளிச்சத்தில் அவரை எழுதினாய். அந்த அத்தை பார்த்துவிட்டு முந்தானையால் பலகையைத் துடைத்தாராம். பெயிண்ட் காயவில்லை. கன்னத்தில் ஒரு தீற்றல் இன்றும் இருக்கிறது. நீ அதைச் சரிசெய்யவில்லை.

உன் படங்களில் எல்லோரும் போட்டிருக்கிற கோட்டு எங்கிருந்து வந்தது என்பது எனக்கே தெரியும். நம் வீட்டுச் சுவரில் புத்தர் பக்கத்தில் சட்டப் புத்தகத்தோடு இருக்கிற நீலக் கோட்டுக்காரரைப் பார்த்துப் பார்த்துத்தான் நீ துணியின் மடிப்பை எழுதப் பழகினாய். அதற்கப்புறம் கிறிஸ்தவர், பௌத்தர், இந்து யாராக இருந்தாலும் வீட்டில் வந்து கேட்டது ஒன்றுதான்: "கோட்டு போட்டு எழுது தர்மா." உயிரோடு இருந்தவரை மேல்சட்டை இல்லாமல் வேலை செய்தவர்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டை. வேர்த்த நெஞ்சு இருந்த இடத்தில் அந்த வெள்ளைச் சட்டையை வைத்து, அங்கேயிருந்து வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றினாய். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சுரங்கம் மூடின பிறகு நீ விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டியாக நின்றாய். வருகிறவர்கள் பெயர் எழுதுகிற சீட்டின் பின்புறம் முழுக்க ரயிலில் தூங்குகிற முகங்கள். வாய் பிளந்து, தாடை தொங்கி, பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தவர்கள். உன் பின்னாளைய படங்களில் தாடைக்கு ஒரு கனம் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். தெரியாததை இனி "இருந்தது" என்று எழுத மாட்டேன்.

அன்றைக்கே ரோஹன் சாருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "அற்புதமான தகவல்! அந்த மாமாவின் குரலைப் பதிவு பண்ணலாமா?" என்றார். சுவரில் எழுத்து ஒட்டியாகிவிட்டது, புத்தகம் அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். "உண்மையைச் சொல்லணும்னா யசோதரா, நீங்க எழுதினதுதான் இன்னும் அழகா இருக்கு" என்றார்.

நான் சரி சார் என்றேன். அந்த "சரி சார்" இன்னும் நாக்கில் ஒட்டியிருக்கிறது, பல் துலக்கினாலும் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று பேரும் ரயிலில் போனோம். அம்மா கல்யாணப் பட்டு. சவரி மாமா கோயிலுக்குப் போடுகிற கோட்டு. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் தட்டை நீட்டினாள். தட்டு என்றா சொன்னேன், சுரங்க ஹெல்மெட் அது. தலைகீழாக வைத்து, உள்ளே வாழையிலை போட்டு, சின்னச் சின்ன ராகி உருண்டையில் பல்குச்சி குத்தி வைத்திருந்தார்கள். எங்கேயோ பழைய இரும்புக் கடையில் வாங்கியிருப்பார்கள். உள்ளே தோல் பட்டையில் யாரோ ஒருவரின் வேர்வைக் கறை கறுப்பாக இருந்தது.

"தொப்பியில வெச்சித் துன்றானுங்க" என்றார் மாமா. சிரிக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

படங்களைப் பார்த்தேன் நைனா. ஒவ்வொன்றுக்கும் கூரையிலிருந்து ஒரு விளக்கு, நேராக முகத்தில். நீ இருட்டில் விட்ட கண்களில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பாஸ் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருந்தார்கள். நீ ஒவ்வொரு படத்துக்கும் அடியில் வெள்ளையில் எழுதுவாயே, பெயர், பாஸ் நம்பர், எந்தச் சுரங்கக் குழி, அதாவது எந்த ஷாஃப்ட் என்று. அந்த இடத்தை வெள்ளை அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். பெயர்களை நான் அனுப்பியிருந்தேன். ஆனால் பக்கத்தில் ஒட்டின சீட்டில் "பெயரற்ற தொழிலாளி 1", "பெயரற்ற தொழிலாளி 2" என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, பெயர் இல்லாவிட்டால் எல்லா உழைப்பாளிக்கும் பொதுவாக இருக்கும் என்றார் ரோஹன் சார். என் பின்னால் ஓர் அம்மையார் கோட்டைக் காட்டி, முதலாளியைப் போல உடுத்திக்கொள்ளும் ஏக்கம் என்று ஆங்கிலத்தில் பக்கத்து ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த யோசனைக்கு வழி காட்டினது சுவரில் இருந்த என் எழுத்துதான்.

சவரி மாமா "பெயரற்ற தொழிலாளி 4" முன்னால் போய் நின்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். முடியாது, மொத்தமாக ஒரே ஸ்விட்ச் என்றார்கள். அவர் விளக்குக்கும் படத்துக்கும் நடுவே நகர்ந்து நின்றுகொண்டார். அவர் நிழல் அண்ணனின் முகத்தில் விழுந்தது. மற்றவர்கள் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா ஐயா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அசையவில்லை. ஒருவர் அவரை வீடியோ எடுத்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கலைஞரின் மகள் சில வார்த்தைகள் பேசுவார் என்று. போனேன். கையில் மைக். சொல்ல வேண்டியது ஒரே வரி: சுவரில் நான் எழுதியிருப்பது பொய். அதைத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தன. என் கண்ணிலும் ஒரு விளக்கு அடித்தது.

"தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கை தட்டினார்கள்.

அதற்குள் அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அம்மா தன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், உயிரோடு இருக்கிற ஆளை உட்காரவைத்து நீ எழுதின ஒரே படம் அது. பிஸ்கட் டின்மேல் உட்காரச் சொன்னதற்கு, "எனுக்கு மால போட நாள் பாக்கிறியா? நான் இன்னும் சாவல!" என்று நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்தாள். முடித்த பிறகும், "மூக்கு ஓட்டைக்குத்தான் லைட்டு போட்டுக்கீற" என்று திட்டினாள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டின சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். "பெயரற்ற விதவை" என்று அந்தப் பெண் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

அம்மா எக்கிப் படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டாள். காவலர் ஓடிவந்து, தொடக் கூடாது என்று கன்னடத்தில் சொன்னார். அம்மாவும் கன்னடத்திலேயே திருப்பிக் கேட்டாள்: "என் மூஞ்சியைத் தொட நான் யாரைக் கேட்கணும்?" படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "பார், நான்தானே? எனக்குப் பெயர் இருக்கு. மலர்க்கொடி. இதை எழுதும்போது என் புருஷன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார்."

யாரோ இதற்கும் கை தட்டினார்கள், நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து. சீ.

ரோஹன் சார் என்னிடம் வந்தார். மாதக் கடைசி வரை படங்கள் இங்கே இருக்கும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அவர் முகம் பதறிப்போயிருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. சரி சார் என்பது தொண்டை வரை வந்தது.

"இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான் நைனா. போய்ப் படத்தின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சவரி மாமாவுக்கு அண்ணனின் படத்தையும் எடுத்துவிடணும் என்று ஆசை, ஆனால் அது கனமான பலகை என்பதால் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். "வர்றேண்ணா" என்று அதனிடம் சொல்லிவிட்டு எங்களோடு வந்தார். ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. படத்தின் அடியில் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த வெள்ளை அட்டையை அம்மா நகத்தால் கீறிக் கீறிப் பெயர்த்து ஜன்னல் வழியே போட்டாள். உள்ளே உன் கையெழுத்தில் இருந்தது: மலர்க்கொடி. அதற்குக் கீழே, பாஸ் நம்பர் போடுகிற இடத்தில், சின்னதாக, "நல்லா கீறா".

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் கண்காட்சிக்காரர்கள் வேறு ஃப்ரேம் போடும்வரை பழைய ஃப்ரேமின் விளிம்பு மறைத்ததால் இத்தனை வருஷம் அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததே இல்லையாம். பங்காருபேட்டை வரும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "பொய் சொல்லிக்கீறான். மூக்கு பெருசாத்தான் கீது" என்றாள்.

நேற்று சாயங்காலம் கரண்ட் போனது. அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். படத்தில் தன் முகத்துக்கு அடிக்காமல், கழுத்துக்குக் கீழே, சேலை மடிப்பில் அடித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் இருட்டில்தான் இருந்தன, ஆனால் எங்கே பார்க்கின்றன என்று தெரிந்தது. அவற்றுக்கு எதிரே உட்கார்ந்து நீ எழுதிக்கொண்டிருந்தாய் அல்லவா?

மாதக் கடைசி வருகிற திங்கட்கிழமை. சவரி மாமாவும் நானும் போகிறோம். கையில் பதினொரு பெயர்கள், பாஸ் நம்பரோடு. அட்டைகளை அங்கேயே எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் படங்களை வாங்குவேன். சுவரில் இருக்கிற என் பெயரை நானே உரிப்பேன். அப்புறம் பதினொரு வீட்டுக்கும் நானே தூக்கிக்கொண்டு போய், இந்த ஆளைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன் என்று வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவேன். தேங்க் யூ சொல்லிவிட்டு இறங்கிவிட மாட்டேன், நைனா. பதினொரு தடவையும் சொல்வேன்.

உன்னை எழுதத் தெரியாமல் எழுதி, இப்போதுதான் உன் முகத்தைப் பார்க்கக் கற்கிற
உன் மகள்,
மலர்க்கொடி தர்மராஜ் பெற்ற யசோதரா
ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்